அழாத குழந்தை

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தாய் குழந்தையோடு சிரித்து விளையாடுவதைப் படம்பிடிப்போம். பிறகு தாய் சற்று நேரம் முகத்தை அசைக்காமல் இருக்க வேண்டும். குழந்தை பதறி அழும். நேற்று வர வேண்டிய தாய் வரவில்லை. அதனால் என் பாப்பாவோடு நானே உட்கார்ந்தேன்.

நான் சிரித்தபோது மிரண்டாள். முகத்தை இறுக்கியதும்தான் என்னை அடையாளம் கண்டதுபோல அமைதியானாள்.

"ரொம்ப சமத்து, அழவே இல்லையே" என்றார் படம்பிடித்தவர்.

சில நிமிடப் படத்தை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று மற்றவர்களுக்கு நானே சொல்வேன். கேமராவுக்கு எங்கள் வீடு தெரியாது. பாப்பாவுக்குத் தெரியும்.

லீவு போட்டுவிட்டு வா, அக்கா. சிரித்துக்கொண்டே வா. அவள் மிரண்டால் பயந்துவிடாதே.

உன் தங்கை