மயோன் அடங்கும் வரை

இயேசு மரி சூசை துணை

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
4 பெப்ரவரி 1993

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கை மெற்றில்டா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தைப் பிரித்து வாசிப்பது நீங்களாகவே இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே இவர் என்னை ரிவிக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். பிலிப்பைன்சில் மயோன் எரிமலை வெடித்துவிட்டதாம். வானத்தை மூடிய சாம்பல் மேகம், மாட்டு வண்டிலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற சனம். அவ்வளவுதான் காட்டினார்கள், பிறகு வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். அந்தச் சனத்துக்குள் வெள்ளை அங்கி போட்ட ஒரு ஆள் தெரிகிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை.

பிஷப் இல்லத்துக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்துக் கைகள் ஓய்ந்துவிட்டன. ஒருமுறை யாரோ எடுத்து, தங்கள் பாஷையில் எதையோ சத்தமாகச் சொன்னார்கள். பிறகு லைன் அறுந்துபோயிற்று.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ரெமி உங்கள் லெகாஸ்பி நகரத்துப் பிள்ளை என்று முந்தி எழுதியிருக்கிறேன் அல்லவா? அவளுடைய தாய் தகப்பன் நீங்கள் சுவாமியாராய் இருக்கிற பங்கிலேதான் இருக்கிறார்கள், மலைச்சரிவில். இரண்டு பேரும் நேற்று சாப்பாட்டு அறையில் சாப்பிடாமல் இருந்தோம். அவள் ஒரு பேப்பர் துவாயை விரித்து ஊரைப் படமாகக் கீறிக் காட்டினாள். கிழக்கே கடலும் துறைமுகமும். ஒரு காலத்தில் அந்தத் துறைமுகத்தில் இருந்துதான் மணிலாக் கயிற்று நார் இந்த லண்டனுக்குக் கப்பலில் வந்ததாம். கடலை ஒட்டி நகரம். நகரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குன்று, மலையைக் காவல் பார்க்கிறவர்கள் இருக்கிற இடம். அதற்கும் பின்னால் மயோன். உச்சியிலிருந்து கடற்கரைக்குப் பத்து மைல்தானாம். விரித்த குடையின் கம்பிகளைப் போல உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் பள்ளங்கள் இறங்குவதாகக் கீறினாள். அதில் ஒரு கம்பி நேரே உங்கள் நகரத்தைப் பார்த்து நிற்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலில் மலை வெடித்ததும்கூட இதே பெப்ரவரி தொடக்கத்தில், காணிக்கை மாதா திருநாளை ஒட்டித்தானாம். ககசாவா என்ற ஊரில் சனம் முழுவதும் கோயிலுக்குள் ஓடிப் போயிற்றாம். கோயிலோடு சேர்த்துச் சாம்பலுக்குள் மூடுண்டு போனார்களாம். இன்றைக்கும் மணிக்கோபுரம் மட்டும் வயலுக்கு நடுவே நிற்கிறதாம். நீங்கள் அனுப்பிய தபாலட்டையில் இருக்கிற கோபுரம் அதுதான் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். அண்ணை, உங்களுக்குப் புத்தி சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கோயிலுக்குள் ஓடாதீர்கள். சனத்தையும் கூப்பிடாதீர்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பரேஷன் செய்த புண் ஆறிவிட்டது. ஆனால் உள்ளே இருப்பதை முழுவதும் எடுக்க ஏலவில்லை என்று டொக்டர் சொல்கிறார். கண் விழித்தால், ராசனுக்கு விசா கிடைத்துவிட்டதா என்று உங்களைப் பற்றித்தான் முதல் கேள்வி. ரிவி இருக்கிற அறைக்கு அம்மாவைக் கொண்டுபோகவேண்டாம் என்று ஆஸ்பத்திரித் தாதிமாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு வரி போதும், அண்ணை. யாரைக் கொண்டாவது அனுப்புங்கள்.

உங்கள் தங்கை
மெற்றில்டா

•

19 பெப்ரவரி 1993

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் தந்தியும் பின்னால் வந்த கடிதமும் கிடைத்தன. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்து அழுதேன். அடுத்த வீட்டு வெள்ளைக்கார மனிசி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வந்து என் தோளைத் தடவினாள். ஒருவரும் சாகவில்லை, என் அண்ணன் இருக்கிறார் என்று சொன்னேன்.

ரெமியின் வீட்டாரும் தப்பிவிட்டார்கள், சனத்தைத் தங்க வைத்திருக்கிற பள்ளிக்கூடத்தில் உங்களோடுதான் இருக்கிறார்கள் என்று எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் மற்றவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுவதும் மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. மத்தியான நேரம் பள்ளத்து ஓரத்தில் தக்காளி பிடுங்கிக்கொண்டு நின்றவர்கள். மலை ஒரு அறிகுறியும் காட்டவில்லை என்கிறீர்கள். கூடைகள் கையில் இருந்தபடியே அவர்களை எடுத்ததாகவும், முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாமல் பெண்சாதிமார் இடுப்புப் பட்டியைப் பார்த்துச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பேரை அடக்கம் செய்த உங்கள் கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கைகளைப் பற்றித்தான் இப்போது எழுதவேண்டியிருக்கிறது.

டொக்டர் என்னையும் இவரையும் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். உயிர்த்த ஞாயிறுவரை அம்மா இருப்பாவா என்று நான் கேட்டதற்கு அவர் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற இங்கத்தைச் சுவாமி செபம் சொல்லி எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுக்க இரண்டு தடவை வந்தார். அம்மா வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. “என்ரை பிள்ளை சுவாமியா இருக்கேக்கை நான் ஏன் ஊரான்ரை கையாலை பூசவேணும்?” என்று என்னிடம் சொன்னா. அந்த மனுசன் நல்லவர், கோபிக்கவில்லை.

சனத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணை, அது ஒரு நகரம். அங்கே பிஷப் இருக்கிறார், மேயர் இருக்கிறார், இராணுவம் இருக்கிறது. இங்கே அம்மாவுக்கு ஒரு மகன்தான். எங்களைப் பெற்ற ஐயாவின் அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. அப்போது ஊரில் சண்டை, ஊரடங்கு, பாதைகள் எல்லாம் பூட்டு, உங்களில் பிழை இல்லை. இப்போது பாதை திறந்திருக்கிறது. பிளேன் ரிக்கெற் எடுத்து அனுப்புகிறோம். மணிலாவுக்குப் போய் விசாவை எடுங்கள்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு நேரில் பேசுங்கள்.

மெற்றில்டா

•

10 மார்ச் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை ரெமியின் சிநேகிதி ஒருத்தி மணிலாவுக்குக் கொண்டுவருகிறாள். அங்கிருந்து அவளுடைய தமையன் லெகாஸ்பி பஸ்ஸில் உங்களிடம் சேர்ப்பிப்பான். ரெலிபோனில் யாரிடமாவது சொல்லிவிட்டிருக்கலாம். இது வேறு ஆட்களின் வாயால் வரக்கூடாத செய்தி.

விசா கிடைத்துவிட்டது, மாதக் கடைசியில் வருகிறேன் என்று நீங்கள் மணிலாவிலிருந்து சொன்ன அன்று நாங்கள் இங்கே கேக் வெட்டாத குறை. அம்மா எழும்பி இருந்து கொஞ்சம் கஞ்சி குடித்தா.

மூன்றாம் நாள் ரெமி வேலைக்கு வரும்போது முகம் செத்துப்போய் இருந்தது. அவளுக்குத் தாயிடமிருந்து செய்தி வந்திருந்தது. தினமும் விடியற்காலையில் நீங்கள் மலைக்குப் போகிற றோட்டில் போய் நிற்பீர்களாமே. எனக்கு இதை நீங்கள் எழுதவே இல்லை. சனம் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்து அலுத்துப்போய், தோட்டம் காய்ந்து போகிறதென்று களவாக மேலே போகப் பார்க்கிறார்களாம். இராணுவக்காரனுக்குப் போக்குக் காட்டலாம், உங்களைத் தாண்டிப் போக வெட்கப்பட்டுத் திரும்பி விடுகிறார்களாம். நீங்கள் விசாவுக்காக மணிலா போன அன்று றோட்டில் ஒருவரும் இல்லை. ஆண்கள் கொஞ்சப் பேர் மேலே போயிருக்கிறார்கள். மழை பெய்து, பள்ளத்தில் கிடந்த சுடுசாம்பல் சேறாக இறங்கியிருக்கிறது. ரெமியின் தகப்பனுக்கு முழங்கால் வரை வெந்துபோயிற்று. உயிர் தப்பியது பெரிய காரியம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் என்னிடம் கேட்டது உங்களுக்குத் தெரியாது. உடுப்புத் தோய்க்கிற அறையில் என் கையைப் பிடித்து, ஃபாதரை வரச்சொல்லி எழுதாதே, மலை அடங்கும் வரைக்கும் விடு என்று கேட்டாள். நான் கையை உதறிவிட்டேன். என் அம்மா சாகக் கிடக்கிறா, நீ உன் அப்பாவுக்காக என் அம்மாவின் பிள்ளையைக் கேட்கிறாயா என்று சத்தம் போட்டேன். மேற்பார்வைக்காரி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்தநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ரெமி இருக்கிறாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அம்மா என்னைக் கண்டதும், “இந்தப் பிள்ளை எதையோ கேக்க வந்திருக்கு. என்னெண்டு கேட்டுச் சொல்லு” என்றா.

ரெமி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். அண்ணை, நான் அதை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சுகம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அம்மா சிரித்துவிட்டுக் கண்ணை மூடியிருப்பா. அந்த வசனம் என் வாய்வரை வந்தது. ரெமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மலை வெடித்தது, சனம் செத்தது, றோட்டு, சேறு, தகப்பனின் கால், எல்லாம். அம்மா அதிர்ந்து போவா என்று பயந்தேன். “மலை வெடிச்சது எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரி பேப்பரிலை படம் காட்டினவ. நீ மறைக்கிறாய் எண்டுதான் நானும் கேக்கேல்லை” என்றா.

பிறகு கண்ணை மூடிக்கொண்டா. களைத்துவிட்டா என்று நினைத்து நான் போர்வையை இழுத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னா. சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஊரிலை ஷெல் வந்து விழேக்கை நாங்கள் எல்லாரும் கோயிலுக்குள்ளை கிடந்தனாங்கள். சுவாமியார் எங்களை விட்டிட்டுப் போகேல்லை. அவருக்கும் ஒரு தாய் எங்கையோ இருந்திருப்பா தானே, வருத்தமோ என்னவோ. அவவைப் பற்றி நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை.”

ரெமி, என்ன சொல்கிறா என்று கேட்டாள். நான் வாயெடுக்க முதலே அம்மா அவளுடைய தலையில் கையை வைத்தா. “ராசனை அங்கையே நிக்கச் சொல்லி எழுது. நான் சொன்னதெண்டு எழுது” என்றா.

நான் வெளியே போய் கொரிடோரில் நின்று அழுது முடித்து வந்தபோது இன்னொன்றும் சொன்னா. இங்கத்தைச் சுவாமியைக் கூப்பிடச் சொன்னா. அவர் பின்னேரம் வந்தார். அம்மா நெற்றியையும் உள்ளங்கைகளையும் காட்டிக்கொண்டு அமைதியாக இருந்தா. ஆங்கிலச் செபத்துக்குத் தமிழில் ஆமென் சொன்னா.

அண்ணை, வராதீர்கள் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அம்மா சொன்னதை எழுதிவிட்டேன். முடிவு உங்களுடையது. ரிக்கெற் அப்படியே இருக்கிறது.

மெற்றில்டா

•

25 மார்ச் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

போன கிழமை ரெலிபோனில் நீங்கள் “நான் நிக்கிறன், மெற்றில்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குமேல் கதைக்க ஏலாமல் வைத்துவிட்டீர்கள். அன்று பின்னேரமே அம்மாவின் காதுக்குள் குனிந்து அதைச் சொன்னேன். என் கையை இறுக்கிப் பிடித்தா. விளங்கியது என்பதற்கு அது போதும்.

மலை இன்னும் புகைவதாக ரெமி சொன்னாள். நீங்கள் மணிலாவால் வந்த பிறகு ஒருவரையும் மேலே போக விடவில்லையாம். அவளுடைய தகப்பனுக்குக் கால் புண் காய்கிறது. நடக்கத் தொடங்கினால் தக்காளித் தோட்டத்துக்குத்தான் நடப்பார், ஃபாதரை ஒரு கண் வைத்திருக்கச் சொல் என்கிறாள்.

அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். உங்களை அந்த றோட்டை விட்டு இழுக்கிற ஒரு சொல்லும் எழுதமாட்டேன் என்று அம்மா என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறா. அதன்படிதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது நோவு இல்லை. ஊசியும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த சாமான்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இவர் லீவு போட்டிருக்கிறார். ஹரோவிலிருந்தும் ஈஸ்ட்ஹாமிலிருந்தும் எங்கள் ஊர்ச்சனம் வந்து போகிறார்கள். எங்கள் அடுப்பு எரியவில்லை. ரெமிதான் தினமும் வேலை முடிந்து தன் வீட்டில் சோறு காய்ச்சிக் கொண்டுவந்து, நான் சாப்பிடும் வரைக்கும் எழும்பாமல் பக்கத்தில் இருக்கிறாள்.

ஒரு காரியம் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பள்ளிக்கூடத்தில் பூசை வைக்கும்போது அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். வருத்தத்தில் கிடக்கிறவர்களுக்கான மன்றாட்டிலா, மற்றதிலா என்று நான் எழுதமாட்டேன். திரேசம்மா என்று பெயரை மட்டும் சொல்லுங்கள். கேட்கவேண்டியவருக்கு விளங்கும். அங்கே இருக்கிற சனம் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லட்டும். அது போதும் என்று நினைக்கிறேன்.

பிறகு திங்கட்கிழமை விடிய வழமைபோல எழும்புங்கள், அண்ணை. போய் அந்த றோட்டில் நில்லுங்கள்.

ஒரு சுவாமிக்கு ஆசீர்வாதம் சொல்லும் வயது எனக்கில்லை. இன்றைக்கு வீட்டில் அதைச் சொல்ல நான்தான் இருக்கிறேன். தேவன் உங்களையும், உங்களைப் பார்த்துத் திரும்பிப் போகிற அந்தச் சனத்தையும் காப்பாராக.

உங்கள் தங்கை
மெற்றில்டா