பட்டர் அடங்கும் நேரம்

2 மார்ச் 2025, ஞாயிறு

பால் அடிப்பிடித்துவிட்டது. பிடித்தது என்றால் சும்மா இல்லை, சட்டியின் அடி கரியாகிவிட்டது. மேல் வீட்டு ஸீனத் அக்கா நோன்போடு படியிறங்கி வந்து, "என்ன சாமினி, எதாச்சும் பத்துதா?" என்று கேட்கும் அளவுக்குப் புகை. நான் மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, மேசையடியில் இருந்துகொண்டு ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறார்! பெரிய ஹோட்டலில் பதின்மூன்று வருஷமாக கேக்கும் பிஸ்கட்டும் போடுகிற மனிசன். "கவனிக்கேல்ல" என்றார். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

6 மார்ச், வியாழன்

கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் கூட என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் வெந்தயம் கருகிவிட்டது, பெருஞ்சீரகம் கூடிவிட்டது என்று ஒரு பட்டியலே வரும். குறை கேட்காமல் சாப்பாடு போடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். இன்று ஏன் சந்தோஷமாக இல்லை?

9 மார்ச், ஞாயிறு

கலியாணம் கட்டிப் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக இவர் வீட்டில் பேக் பண்ணினார். "ஹோட்டலில செய்யிறது காணாதே?" என்று எப்போதும் தட்டிக்கழிப்பவர், காலையிலேயே மாவும் சீனியும் நிறுத்து வைத்திருந்தார். சீதனத்தோடு வந்த ஓவன் இத்தனை காலமும் தாச்சி சட்டிகள் வைக்கும் அலுமாரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கினேன்.

ஹோட்டலுக்கு வருகிறவர்களின் கையில், அறைச் சாவியோடு சூடாகக் கொடுக்கும் சொக்லட் சிப் குக்கீஸ்தான் அது. ஒளிவு மறைவாக ஒன்றுமில்லை. பட்டரை உருக்கி, அது மண்ணிறமாகும் வரை காய்ச்ச வேண்டும். வெள்ளைச் சீனி, சிவப்புச் சீனி இரண்டும் போட வேண்டும். சொக்லட்டைக் கட்டியாக வாங்கிக் கத்தியால் கொத்த வேண்டும். குழைத்த மாவை ஒரு முழு நாள் ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும். மேலே இரண்டு கல் உப்பு.

பட்டர் கொதிக்கும்போது கேட்டார், "இப்ப எப்பிடி மணக்குது? சொல்லும் பாப்பம்." கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். பட்டர் மாதிரித்தான் மணக்குது என்றேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது முகத்தைப் பார்த்தேன். அதில் கொஞ்சல் இல்லை.

ஒரு மூடியில் சோயா சோஸ் ஊற்றி மூக்கடியில் பிடித்தேன். "புது வனிலா. எப்பிடி?" என்றேன்.

"நல்ல வாசம்" என்றார்.

ஜனவரியில் வந்த காய்ச்சலோடு போய்விட்டதாம். உப்பு, இனிப்பு, கைப்பு மட்டும் நாக்கில் தெரியுமாம். வாசம் என்று ஒன்றுமே இல்லையாம். இரண்டு மாசம்! ஒரே பாயில் படுக்கிற எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வரேல்ல, விசர்தான் வந்தது. என்னட்டச் சொல்லாம ஆரிட்டச் சொல்லப் போறார்?

குக்கீஸுக்குப் பொறுப்பானவர் மே மாதம் கட்டாருக்குப் போகிறார். அந்தப் பொறுப்பு இவருக்குத்தான் வரும் என்று செஃப் சொல்லியிருக்கிறாராம். "மூக்கில்லாதவனைப் பேஸ்ட்ரியில ஆர் வைச்சிருப்பினம், சாமினி? பொறுப்பு வேண்டாம், உள்ள வேலையும் போயிடும்" என்றார்.

மாவு ஃபிரிஜ்ஜில் இருக்கிறது. சோயா சோஸ் வைத்தது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?

12 மார்ச், புதன்

ஓவனுக்குள் லைட் இருக்கிறது என்று இன்றுதான் தெரியும்.

16 மார்ச், ஞாயிறு

சிக்கல் எங்கே என்று இன்று எனக்கு விளங்கிவிட்டது. மற்றதெல்லாம் தராசும் மணிக்கூடும் பார்த்துக்கொள்ளும். பட்டர் மட்டும்தான் மூக்கு வேலை. கச்சான் கடலை வறுத்த வாசம் வந்ததும் இறக்க வேண்டும். அரை நிமிடம் பிந்தினால் கருகல். கண்ணால் பார்த்துச் செய்யலாமே என்றேன். மேலே நுரை மூடிவிடும், ஹோட்டல் சட்டி உள்ளே கறுப்பு, நிறம் தெரியாதாம். தேர்மோமீட்டர்? "இவ்வளவு காலமும் மூக்கால செய்தவன் திடீரெண்டு அதைத் தூக்கினா ரிம்ஸானே கேப்பான்" என்றார். ரிம்ஸான் அவரோடு வேலை செய்கிற கிராண்ட்பாஸ் பக்கத்துப் பெடியன். கெட்டிக்காரன்.

ஆகவே நான்தான் மூக்கு. அடுப்படியில் நின்று "இப்ப... இன்னும் இல்லை... இப்ப!" என்று கத்துகிறேன். என்னைக் கைப்பையில் வைத்து ஹோட்டலுக்குக் கொண்டு போகவா முடியும்?

இரண்டாவது தடவை காய்ச்சும்போது நான் திரும்பி நின்று கோப்பை கழுவினேன். தகரத்தில் மழை மாதிரிப் படபடத்துக்கொண்டிருந்த பட்டர் சடாரென்று அடங்கியது. "என்ன, அடுப்பை நூத்திட்டீங்களோ?" என்று கேட்டேன். இல்லை, நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. இவர் என்னைப் பார்த்தார். "தண்ணி வத்தினா சத்தம் அடங்கும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. அதிலிருந்து இருபது எண்ணினோம். வாசம் வந்தது.

23 மார்ச், ஞாயிறு

நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஸீனத் அக்காவுக்கு ஒரு தட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது: "சாமினி, எந்த ஹோட்டல்ல எடுத்த? புள்ளையள் எனக்கு ஒண்டு கூட வைக்கல்ல." இவருக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று தரம் கேட்டார்.

30 மார்ச், ஞாயிறு

என் கறுப்புச் சால்வையால் கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பில் நின்றார். ஆறு தரம் காய்ச்சினார். ஆறும் சரி. ஏழாவது தரம் நான் வேண்டுமென்றே இருமினேன். அதற்கும் மசியவில்லை. கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், என்ன என்று எழுதமாட்டேன்.

8 ஏப்ரல், செவ்வாய்

கட்டார்காரர் லீவு. இவர்தான் இன்று பட்டர் காய்ச்சினார். நாலு கிலோவும் கருகிப் போயிற்று.

புகை இழுக்கிற ஃபேன்! அடுப்புக்கு மேலே தலையளவு உயரத்தில் பிளேன் மாதிரி இரைகிறதாம். பட்டர் படபடத்ததும் கேட்கவில்லை, அடங்கியதும் கேட்கவில்லை. பதின்மூன்று வருஷம் அதற்குக் கீழே நின்றவருக்கு அது ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டும், நான் எப்போதாவது கேட்டேனா? கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது மாதிரி ஆறு தரம், ஏழு தரம் என்று வீட்டுக்குள் நின்று கும்மாளம் அடித்தோம்.

ஃபோன் வந்தது, கவனம் சிதறிவிட்டது என்று செஃப்பிடம் சொன்னாராம். ரிம்ஸான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினானாம். ஒன்றும் கேட்கவில்லையாம்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை வருஷம். பொங்கினேன். கோயிலுக்குப் போய் வந்தோம். வந்த பிறகு சண்டை.

செஃப்பிடம் உள்ளதைச் சொல்லுங்கோ என்றேன். "உமக்கு ஹோட்டலைப் பற்றித் தெரியாது" என்றார். தெரியாதுதான். ஒருகொடவத்தையில கொண்டெய்னருக்கு பில் எழுதிற எனக்கு என்ன தெரியும்? ஆனா ஒண்டு தெரியும். இன்னொரு நாலு கிலோ கருகினா அவங்கள் கேக்க மாட்டாங்கள், போகச் சொல்லுவாங்கள். நீங்களாச் சொன்னா மனிசன். அவங்களாக் கண்டுபிடிச்சாக் கள்ளன். இதை இப்படியே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வருஷப் பிறப்பும் அதுவுமாக.

17 ஏப்ரல், வியாழன்

மூன்று நாளாக இருவருக்கும் கதை பேச்சு இல்லை. ஹோட்டல் நம்பரை எடுத்து ஃபோனில் வைத்துக்கொண்டு ஒஃபிஸ் படியில் நின்றேன். நானே சொன்னால் என்ன? ஒரு நிமிட வேலை.

எடுக்கவில்லை. அது அவருடைய மூக்கு.

22 ஏப்ரல், செவ்வாய்

சொல்லிவிட்டார்.

சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் வாய் திறந்தார். செஃப் சிங்களத்தில் ஒரு கேள்விதான் கேட்டாராம்: "அப்ப இனி எப்பிடிக் காய்ச்சலாம் எண்டு நினைச்சனீ?" காதால், என்று இவர் சொன்னாராம். மனிசிதான் முதல் கேட்டது என்றும் சொன்னாராம். செஃப் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. நாளைக்கு வந்து மா நிறுக்கிற மேசையில் நில், டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி வா என்றாராம்.

நல்லதா, கெட்டதா? இவருக்கும் தெரியவில்லை. ஆனால் இரவு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

29 ஏப்ரல், செவ்வாய்

காது மூக்கு தொண்டை டொக்டர். வரலாம், வராமலும் விடலாம் என்றார். கராம்பும் எலுமிச்சம்பழமும் தினமும் முகர்ந்து பார்க்க வேண்டுமாம். பஸ்ஸில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆமர் வீதியில் ஏறின சனம் எல்லாம் பார்த்தது. பார்க்கட்டும்.

5 மே, திங்கள்

குக்கீஸ் பொறுப்பு இவருக்குத்தான்! நேர்த்தியை நிறைவேற்ற வேண்டும். பட்டருக்கு என்ன செய்யப் போறீங்கள் என்று கேட்டேன். "செஃப் ஒரு வழி செய்தவர்" என்றார். என்ன வழி என்று கேட்டால் குளிக்கப் போய்விட்டார்.

11 மே, ஞாயிறு

ரிம்ஸான் தங்கச்சியின் கலியாணக் காட் கொடுக்க வந்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியோடு நேற்றுச் சுட்ட குக்கீஸ் இரண்டு வைத்தேன். பட்டருக்கு இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணன் ஒங்களுக்குச் செல்லலயா?" என்றான். "காலைல பட்டர் வைக்கிற நேரம் செஃப் ஃபேனை நிப்பாட்டுங்க எண்டு செல்றார், அக்கா. மத்த அடுப்பு ஒண்டும் பத்த வைக்க ஏலா. மிக்ஸரும் ஓஃப். கிச்சன்ல இருபது பேர், ஆறேழு நிமிசம் ஒத்தரும் வாய் தொறக்க ஏலா. தேர்மோமீட்டரும் வச்சுப் பார்த்தோம், அடியில ஒரு சூடு காட்டுது, மேல ஒரு சூடு காட்டுது. அண்ணன்ட காதுதான் சரி."

ஒரு குக்கீயைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தான்.

"முந்தாநேத்து முட்டை கொண்டு வந்த ஆள் கதவத் தொறந்து, 'குட் மோர்னிங்' எண்டான். இருபது பேரும் ஒரேயடியா 'ஷ்' எண்டோம். ஆள் முட்டைத் தட்டோட அப்பிடியே நிண்டுட்டான். அண்ணன் கையத் தூக்கினாத்தான் மூச்சு விடுவோம்."

இருபது பேர். பெரிய ஹோட்டல். இந்த மனிசன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "என்ன, கண் கலங்கியிருக்கு?"

"வெங்காயம் வெட்டினனான்" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு ரிம்ஸானுக்குப் பக்கத்தில் இருந்தார். வீட்டில் வெங்காயம் முடிந்து மூன்று நாள். ரிம்ஸான் அடுப்படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து தேத்தண்ணியைக் குடித்தான்.