பண்ணையார் காயடிக்காத நாய்

மாமாவுக்கு,

கால் புண் ஆறியதா? சிறையில் மருந்து போடுகிறார்களா?

நம் குத்தகை வயலை நீங்கள் அறுக்கப் போனபோது, திருட்டென்று உங்களைப் போலீசில் பிடித்துக் கொடுக்கப் பண்ணையார் ஏவிவிட்டாரே, அந்த நாய்க்கு ஐப்பசி பிறந்ததும் பித்துப் பிடித்துவிட்டது. காயடித்தால் காவல் போய்விடுமென்று விட்டுவைத்த கடுவன். நான் செய்தது ஒன்றுதான். பருவத்துக்கு வந்திருந்த நம் பெட்டைநாய் கருப்பியைக் காற்றாட வாசலில் கட்டினேன். அந்தக் கடுவன் சங்கிலியை அறுத்து, வாய்க்காலை நீந்தி வந்துவிட்டது. காவலில்லாத வயலை அன்றே அறுத்து நெல்லை வீடு சேர்த்தோம்.

நம் தெருவை மிதிக்காத பண்ணையார் மறுநாள் வந்தார். "நாய அவுத்து விடுடி."

"கட்டியா வச்சிருக்கேன்? கூப்பிடுங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க."

தெருவே பார்க்கக் கூப்பிட்டார். அது அசையவில்லை. ஆத்திரத்தில் கருப்பியைக் கழியால் அடித்தார். அவர் நாயே பாய்ந்து அவர் ஆடுசதையைக் கவ்வியது.

உங்களைக் கவ்விய அதே இடம், மாமா.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி