மரோட்டி எண்ணெய் விளக்குக்கு, வாணலிக்கு அல்ல

அனுப்புநர்:
ஆ. செல்வலட்சுமி,
மாரியம்மன் கோயில் சந்து,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
எண்ணெய்த் தரப் பரிசோதனை அதிகாரி அவர்கள்,
மேற்கொச்சி வட்டாரம்.

பொருள்: பறிமுதலான மரோட்டி எண்ணெயை அழிக்காமல் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தோழி மாயம்மாளும் மரோட்டி விதையை இடக்கொச்சி செக்கில் ஆட்டி எண்ணெய் விற்கிறோம். தமிழ்நாட்டில் இதை நீரடிமுத்து என்பார்கள். கோயில்களில் விளக்கெரிக்கவும், மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடைகளில் பூச்சி அரிக்காமல் மரச்சாமான்களில் பூசவும் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் தொழுநோய்க்கே இது மருந்தாக இருந்தது. வாயில் வைக்கக்கூடியது அல்ல.

2. சென்ற வாரம் ஒரு கேனைச் சுள்ளிக்கல்லில் பினு என்பவரின் சாயாக்கடையில் வைத்துவிட்டு, ஆட்டோ பிடிக்கப் போனேன். "சமையலுக்கு அல்ல" என்று கேனில் தமிழில் பெரிதாக எழுதியிருந்தது. பினுவும் எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் பள்ளியில் படித்தது மலையாளம். கடையில் தேங்காயெண்ணெய் தீர்ந்திருந்தது, கூட்டமோ குறையவில்லை. கேனைத் திறந்து, நேந்திரப்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி பொரித்துவிட்டார்.

3. தின்றவர்கள் மூவர்; அதில் ஒருவர் பினுவே. இன்னொரு துண்டு யாரும் கேட்கவில்லை. ஆட்டோவோடு நான் திரும்பியபோது மூவரும் சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டு நின்றார்கள். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சாயங்காலத்துக்குள் தெளிந்து கஞ்சி கேட்டார்கள். அதன் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

4. தின்ற மற்ற இருவரில் ஒருவர் புகார் கொடுக்க, தங்கள் ஆய்வாளர் என் வீட்டிலிருந்த எண்ணெய் முழுவதையும் "கலப்படச் சமையலெண்ணெய்" என்று எடுத்துச் சென்றார். சமையலெண்ணெய்களில் இல்லாத, நுனியில் வளையம் உள்ள ஹிட்னோகார்ப்பிக் என்னும் கொழுப்பு அமிலம் இதில் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை சொல்கிறதாம். ஐயா, அறிக்கை முற்றிலும் சரி. இந்த விதையின் இயல்பே அது. அந்த அமிலம் இல்லாமலிருந்தால்தான் நாங்கள் கலப்படக்காரர்கள்.

5. ஆய்வாளரிடம் பினு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செல்வியக்கா மேல தப்பில்ல சாரே. எனக்குத் தமிழ் பேசத்தான் அறியும், வாசிக்க அறியாது." ஆயினும் குழாயடியில் என்னைக் கண்டதும் சிலர் குடத்தைக் கையால் மூடுகிறார்கள். முதல் நாள் நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

6. இனி எல்லாக் கேன்களிலும் மலையாளத்திலும் எழுதுவோம். எழுத்தே தெரியாதவருக்கும் புரிய, என் மகள் ஸுப்ரியா ஒரு வாணலியை வரைந்து மேலே சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை எண்ணெயை அழிக்க உத்தரவாகியிருக்கிறது. புதன்கிழமை திருக்கார்த்திகை. எங்கள் கோயில் விளக்குகளுக்கு இதையே நம்பியிருக்கிறோம். ஆகவே உத்தரவை ரத்து செய்து, எண்ணெயைத் திருப்பித் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஐயமிருந்தால் சொல்லியனுப்புங்கள். அகலும் திரியுமாக நானே வருகிறேன். தங்கள் மேசைமேல் ஒரு விளக்கு எரிந்தால் போதும், இது எதற்கான எண்ணெய் என்று தெரிந்துவிடும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
ஆ. செல்வலட்சுமி
(ஒப்பம்)

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 27.11.2025