நீ கூப்பிடாத பெயர்

அம்மா,

இன்று காலை மயிலாப்பூர் குளக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "ஏழுமலை, ஓடாத, நில்லு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். திரும்பிவிட்டேன். கூப்பிட்டது என்னையில்லை; கையில் பாதி வாழைப்பழத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு பொடியனை. இந்தக் காலத்தில் ஒரு குழந்தைக்கு இந்தப் பெயரா என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேவிட்டேன். "ரொம்ப நாளா கொழந்த இல்லண்ணா. திருப்பதிக்கு வேண்டிக்கினு பொறந்தான்" என்றாள். பஸ் வந்தது, ஏறவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் உன் ஞாபகம் வந்துவிட்டது.

நம் வீட்டுக்கும் அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. தாத்தாவின் அம்மா ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டு, பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே திருப்பதி போய் வந்து பெற்ற பிள்ளை அவர். ஏழு மலைக்கும் சொந்தக்காரன் கொடுத்த பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். நான் பிறந்ததும் அப்பா யோசிக்கவே இல்லை, தன் அப்பா பெயரையே எனக்கு வைத்துவிட்டார். உன்னை யாரும் கேட்கவில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆக, பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாக்கியம் உனக்கு அன்றோடு போயிற்று. என்னை "நைனா" என்றாய்.

உன் வைராக்கியம் கொஞ்சநஞ்சமா. மீன் கடையில் நண்டு எண்ணிப் போடும்போது "அஞ்சு, ஆறு, இன்னொண்ணு, எட்டு" என்பாய். அபிராமபுரத்திலிருந்து வாடிக்கையாக வரும் டீச்சரம்மா, "நடுவுல ஒண்ணக் காணமே" என்று வேண்டுமென்றே சீண்டுவார். "பெரியவரு பேர்ல பாதி வருதும்மா" என்று சிரித்துக்கொண்டே பையைக் கட்டுவாய். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று மட்டும் நீ சிரிக்கவில்லை. பையன் பேர் என்ன என்று கேட்டார்கள். நீ என் முதுகில் இடித்தாய். பயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. "பெத்த புள்ள பேர்கூடவா தெரியாது?" என்றார்கள். நீ வெளியே ஓடி, பக்கத்து வீட்டு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சொல்ல வைத்தாய்.

அப்போதெல்லாம் ஏழுமலைக்குப் பஞ்சமே இல்லை. குடியிருப்பில் மாடிக்கு ஒருத்தன். வகுப்பில் எங்களுக்கு நெட்டை, குட்டை என்று அடைமொழி வைத்துத்தான் சமாளித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மாடியிலிருந்து ஏதாவது ஒரு அம்மா "டேய் ஏழுமல" என்று குரல் கொடுப்பாள். ஏழுமலைகள் எல்லோரும் விளையாட்டை நிறுத்தித் திரும்புவோம். அது எனக்கான குரலாக ஒருநாளும் இருந்ததில்லை. தாத்தா போன பிறகாவது கூப்பிடேன் என்று கெஞ்சினேன். "வாய்ல வர்ல நைனா. கூப்ட்டா அவரே வந்து நிக்கிற மாரி கீது" என்றாய். தலை நரைத்த பிறகும் அந்த ஏக்கம் எனக்குப் போகவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் உனக்கு மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம், பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு அப்பா இறந்துபோனது. ஒரு மத்தியானம் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்தாய். "ஏழுமல, நீ துன்னியா?" என்றாய்.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம், அம்மா. "இன்னொரு வாட்டி கூப்டும்மா" என்றேன். தயங்காமல் கூப்பிட்டாய். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த உன் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? நல்லாத்தான பேசிக்கினு கீறாங்க."

"இல்லீங்க. அத்தைக்கு அவுங்க மாமனாரே மறந்து போய்ட்டாரு. அதான் பேரு வருது."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாழ்க்கைப்பட்டு வந்ததே நினைவில் இல்லாதவளுக்கு வாயைக் கட்டிப்போட இனி என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ இருந்தவரையில் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டாய். தண்ணீருக்கு, போர்வைக்கு, சும்மாவும். ஒவ்வொரு தடவையும் "இன்னாம்மா" என்று வந்து நின்றேன். எல்லாம் போன பிறகும் என் பெயர் உன்னிடம் மிஞ்சியிருந்ததே என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாள் அது தேறுகிறது, சில நாள் இல்லை.

ஏனென்றால் அந்த மத்தியானத்துக்கு அப்புறம் நீ என்னை நைனா என்று கூப்பிடவே இல்லை. காத்திருந்து பார்த்தேன். ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் நானே உன் பக்கத்தில் உட்கார்ந்து, "நைனா வந்துட்டேம்மா" என்றேன். "அது யாரு?" என்று கேட்டாய்.

ஊரெல்லாம் என்னை ஏழுமலை என்றுதான் கூப்பிடுகிறது, அம்மா. வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் இன்னமும் நான் நைனாவாகத்தான் நுழைகிறேன்.