டைகரிடம் சொல்லி அனுப்பியது

5-6-59, வெள்ளி
காலையிலிருந்தே அனல் காற்று. திருச்சி ஆபீஸிலிருந்து வேலை உத்தரவு. 15ஆம் தேதி சேர வேண்டும். நான்கு தடவை படித்தேன். சந்தோஷம் அரை மணி நேரம்.

பிறகு கவலை. நான் போய்விட்டால் அப்பாவும் ஆத்தாவும் யார் மூலம் பேசுவார்கள்? மாமா வீட்டுக் காதுகுத்துக்கு, உழவு இருக்கிறது என்று அப்பா போகவில்லை. நான்கு வருஷமாயிற்று. அன்றிலிருந்து நேரில் ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் என் வழியாக.

"ஒங்கப்பாகிட்டச் சொல்லு, சோறு ஆறுது."

"ஒங்காத்தாகிட்டச் சொல்லு, பசிக்கலைன்னு."

மூவரும் ஒரே அறையில். கை நீட்டினால் தொடலாம்.

உத்தரவைக் காட்டினேன். "வேலை வேணாம்னு எழுதிப் போட்ருடி. நீ போயிட்டா நா யாருகிட்டப் பேசுவேன்?" என்றாள் ஆத்தா. அப்பா தலையாட்டினார். நான்கு வருஷத்தில் முதல் ஒற்றுமை.

6-6, சனி
வெயில். அன்னவாசல் போனேன். சோப்பு, ஊசி, மறுப்புக் கடிதத்துக்குக் கவர் வாங்க.

பூட்டிய ஓவர்சியர் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு கிழட்டு நாய். மோவாய் எல்லாம் நரை. வாட்ச்மேன் சொன்னார்: "சார் மாத்தலாகிப் போயி மூணு மாசமாச்சுங்க. டைகரு மட்டும் வாசல விட்டு நகரமாட்டேங்குது. கூட்டிட்டுப் போறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூச்சத்தில் தலை ஆடிவிட்டது. மாட்டு வண்டியில் வீடு. வழியெல்லாம் சமாதானம்: அவர்களுக்கும் ஒரு துணை. கவர் வாங்க மறந்தேன்.

8-6, திங்கள்
"கெழட்டு நாயாவுல்ல புடிச்சாந்திருக்கா!" ஆத்தா.

"நமக்கேத்த வயசுதான்னு சொல்லு." அப்பா.

டைகர் பழைய சோற்றை முகர்ந்து முகம் சுளித்தது. குவார்ட்டர்ஸில் வறுக்கி ரொட்டி தின்று பழக்கம் போலும்.

மத்தியானம் பித்தளைக் குடம் உருண்டது. தெருவே எட்டிப் பார்த்தது. டைகர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. காது சுத்தமாகக் கேட்காது! வாட்ச்மேனிடம் போய்ச் சண்டை போட வேண்டும். என்னால் ஆகாது. மறுப்புக் கடிதம் எழுதி மடித்து வைத்தேன்.

11-6, வியாழன்
விடியலில் தூறல். கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆத்தா குரல்.

"டைகரு, அவருகிட்டச் சொல்லு, வெந்நீ காஞ்சிருச்சு!"

டைகருக்குத்தான் காது கேட்காதே. குரல் இன்னும் உயர்ந்தது.

"வெந்நீ! வெந்நீ!"

"டைகரு, ஊருக்கே கேட்டுருச்சு, வாரேன்னு சொல்லு!"

எட்டிப் பார்த்தேன். தூதர் நல்ல தூக்கத்தில்.

13-6, சனி
பக்கத்து வீட்டு அத்தை: "என்னடி, ஒங்க வீட்ல ரெண்டு நாளா ஒரே சண்டை?"

"பேசிக்கிறாங்க அத்தை."

சாப்பாட்டில் பழைய கணக்கு எழுந்தது. நான் எப்போதும் அவர்கள் பேச்சில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். டைகர் முன்னால் முழுசாக வந்தது.

"காதுகுத்துக்கு வராத மனுசனுக்கு வக்கணையாக் கொழம்பு கேக்குதான்னு கேளு டைகரு!"

அப்பா இலை ஓரத்துச் சோற்றை நடுவே ஒதுக்கினார். பிறகு மெதுவாக, "போயிருக்கணும்னு சொல்லு."

டைகருக்குச் சத்தியமாகக் கேட்டிருக்காது. அப்பா இலையில் இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது.

மறுப்புக் கடிதம் அடுப்பில்.

14-6, ஞாயிறு
டிரங்குப் பெட்டி. சேலை 4, சர்டிபிகேட், ஆத்தா திணித்த கருவாட்டுப் பொட்டலம் (சர்டிபிகேட்டுக்கு அடியில்! மாற்றினேன்).

வாசலில் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "டைகரு, இவகிட்டச் சொல்லு, போனதும் கடுதாசி போடணும்னு."

தெருவே திரும்பும்படி கத்தினேன்: "டைகர், போடுறேன்னு சொல்லு!"