அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வாக்கியங்களில்

5-6-1988, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குச் சென்று அமர்ந்தேன். அறுபத்து நான்கு வயதில் குழந்தைகளின் பெஞ்சில் உட்காருவது முழங்காலுக்கு ஏற்றதன்று.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் மக்கள் இருவரும் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமிலிருந்து ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு நகோயாவுக்கு அனுப்புவார்களாம். திரும்பி வருபவர் ஃபோர்மேன். பெயர் கொடுத்தவர்கள் நால்வர். அவர்களில் இருவர் என் வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தவன் செபாஸ்டியன், பிட்டர், பதின்மூன்று ஆண்டுச் சர்வீஸ். இளையவன் இக்னேஷியஸ், டிப்ளமா, மூன்று ஆண்டு. இருவருக்குமே ஞாயிறும் பூசை முடிந்த கையோடு ஷிப்ட். ஆகவே தாய் வகுப்புக்குப் போய்க் குறிப்பெடுத்து வருவது என்று வீட்டில் முடிவாயிற்று.

ஆசிரியர் கோதண்டம் கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருகிறார். கோபே துறைமுகத்தில் நான்கு ஆண்டு கப்பல் பழுது பார்த்தவர். என்னைக் கண்டதும், "இன்னா டீச்சர், நீங்க எப்போ ஃப்ளைட் ஏறப் போறீங்க?" என்றார். வகுப்பு சிரித்தது. நான் பெயர்ப் பட்டியலில் கையெழுத்திட்டேன்.

6-6-1988

ஜப்பானிய மொழியிலும் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. நல்ல மக்களாகத்தான் இருக்க வேண்டும்.

12-6-1988, ஞாயிறு

இன்று இரண்டு பொருள்களை எதிரெதிரே நிறுத்திச் சொல்வது. நாம் 'அண்ணனோ இப்படி, தம்பியோ அப்படி' என்று ஓகாரத்தைப் போடும் இடத்தில் அவர்கள் 'வா' போடுகிறார்கள். நடுவில் 'ஆனால்' என்பதற்கு ஒரு 'கா'. முடிந்தது. முப்பத்தோராண்டு தமிழ் வகுப்பில் முரண்தொடை நடத்தியவளுக்கு இது புது வீடாகத் தோன்றவில்லை. பக்கத்து வீடாகத் தோன்றியது.

ஒன்று மட்டும் புதிதாகக் கேட்டேன். இரண்டாவதைச் சொல்லாமலே விட்டாலும் அந்த 'வா' அதைச் சுட்டிவிடுமாம். வகுப்புக்கு விளங்கவில்லை. கோதண்டம் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"ஊட்டுக்குப் போயி, 'சோறு நல்லாத்தான் கீது'ன்னு சொல்லிப் பாருங்கபா. சொல்லிட்டு அங்க நிக்காதீங்க. கொயம்பு மூஞ்சில வரும்."

அனைவருக்கும் விளங்கிற்று: குழம்பு மோசம். வீட்டில் வந்து சொன்னேன்; மக்களும் மருமகளும் சிரித்தார்கள்.

16-6-1988, வியாழன்

மக்களுக்குப் பயிற்சி வாக்கியங்கள் பன்னிரண்டு எழுதி முடித்தேன். எதிரெதிர் நிறுத்த இரண்டு பொருள்கள் வேண்டும். நன்கு அறிந்ததை எழுதினால்தான் பிழை வராது. நான் நன்கு அறிந்த இருவர் இவர்கள். எனவே பன்னிரண்டும் அண்ணன் தம்பியைப் பற்றியே அமைந்தன. முதல் வாக்கியம்: அனி வா ஒசோய் தெஸ் கா, ஒதோதோ வா ஹயாய் தெஸ். அண்ணனோ மெதுவானவன், தம்பியோ விரைவானவன்.

இக்னேஷியஸ் நோட்டில் எதிரே தமிழில் பொருள் எழுதினேன். அவன் கேள்வி கேட்பவன். செபாஸ்டியன் நோட்டில் எழுதவில்லை. முதலில் மனப்பாடம், பொருள் பிறகு: ஞானோபதேசமும் செய்யுளும் நான் அவ்வாறே கற்றேன், அவ்வாறே கற்பித்தேன்.

19-6-1988, ஞாயிறு

செபாஸ்டியன் சவரம் செய்துகொண்டே 'அனி வா ஒசோய் தெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். உச்சரிப்பு நன்று. இரண்டாம் வாக்கியத்துக்கு வர அரை மணி ஆயிற்று. இக்னேஷியஸ் தன் நோட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "சூப்பர்மா" என்றான். எது என்று நான் கேட்கவில்லை.

3-7-1988, ஞாயிறு

ரோஸி, செபாஸ்டியனின் மனைவி, இந்த வீட்டுக்கு வந்து ஏழாண்டில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"அத்தே, கோதண்டம் சாரு சம்சாரம் நாகவல்லிய ரேஷன் கடைல பாத்தேன். அவங்க ஊட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லி, எங்கூட்டுக்காரரு நோட்டுல கீறதக் காமிச்சேன்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"பன்னெண்டு வாக்கியம். பன்னெண்டுலயும் அவரு தான் தோக்குறாரு. ஒண்ணுலயாவது வுட்டுக் குடுத்திருக்கலாம் இல்ல?"

அது பயிற்சிக்காக எழுதியது, அவனுக்குப் பொருள் தெரியாது என்றேன்.

"தெரியாதா? மொத நாளே தெரியும். தம்பி நோட்டப் பாத்துட்டாரு. நான் கேட்டதுக்கு, 'அம்மா எய்தினது, தப்பா இருக்காது'ன்றாரு."

வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள். அவ்வளவுதான்.

அன்றே தெரியுமாம். தெரிந்தே தினமும் சவரம் பண்ணிக்கிட்டு... கண்ணாடியப் பார்த்துக்கிட்டே... நான் ஏன் இப்படிப் பண்ணேன்? பெத்தவதானே? ஒன்பதாம் வகுப்பில் அவன் தமிழில் தவறியபோது அந்தத் தாளைத் திருத்தியவள் நான். முப்பத்து நான்கு. ஒன்று கூட்டிப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன் மகனுக்கு ஒரு நீதி, ஊரார் மகனுக்கு ஒரு நீதியா என்று அன்று நிமிர்ந்து நடந்தேன். அவன் ஐ.டி.ஐ. போனான். முப்பத்து நான்குதானா அது? இப்போது யாரிடம் போய்க் கேட்பது.

5-7-1988, செவ்வாய்

செபாஸ்டியன் வெல்லும்படியாகப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுத உட்கார்ந்தேன். மதியம் முழுவதும். மூன்று தேறின. அவற்றுள் ஒன்று, 'அண்ணனோ உயரம், தம்பியோ குள்ளம்.'

அவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று பார்த்தேன். காப்பியில் சர்க்கரை குறைவு. பூசைக்கு முதல் வாசகம் முடிந்த பிறகே வருவான். தொழிற்சாலையில் அவன் கை என்ன செய்கிறது என்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றையும் கொடுத்தேன். "பழசே நாக்குல உக்காந்துடுச்சிம்மா" என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

9-7-1988, சனி

பாவசங்கீர்த்தனம். மகனைப் பற்றித் தவறாக எழுதினேன் என்றேன். யாருக்கு எழுதினீர்கள் என்றார் சாமியார். அவனுக்கே என்றேன். என்ன எழுதினீர்கள் என்றார். சொன்னேன். "ஜப்பானிய மொழியிலா?" என்றார். ஆம் என்றேன். பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பாவம் அவர், இதற்கு எத்தனை என்று எங்கும் எழுதியிருக்காது.

மறைநூலில் இரண்டு சகோதரர்கள் வந்தால் மூத்தவனுக்கு நல்லது நடப்பது அரிது. இதை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறையாவது மூத்தவன் பக்கம் போய் நின்று பார்த்தேனா?

25-7-1988, திங்கள்

இன்று தேர்வு. ஜப்பானிலிருந்து ஹயாஷி என்பவர் வந்திருந்தார். நடந்ததை இக்னேஷியஸ் வந்து சொன்னான். செபாஸ்டியன் கை கழுவப் போனவன் நெடுநேரம் கழுவினான்.

நால்வரையும் ஒன்றாக நிறுத்திச் சிறிது பேசவிட்டாராம். அண்ணன் தம்பி என்று அறிந்ததும், "உங்கள் இருவரில் எப்படி?" என்று கேட்டாராம்.

"நான் உன் வாக்கியத்த அப்டியே சொன்னேம்மா. அண்ணன் மெதுவு, நான் ஃபாஸ்ட்டு. ஒரு தப்பு கூட இல்ல. அந்தாளு தலைய ஆட்டினான்."

"அண்ணன்?"

"அதுவும் உன் வாக்கியத்த தான் சொல்லிச்சு. தம்பி ஃபாஸ்ட்டு, நான் மெதுவு. அந்தாளு, மெதுவுன்னா எப்டின்னு கேட்டான். அண்ணனுக்கு அதுக்கு மேல ஜப்பான்ல ஒண்ணும் தெரியாதே. பெஞ்சுக்குப் போயி, அரம் போட்டு வெச்சிருந்த ரெண்டு பீஸ எடுத்தாந்து, ஒண்ணுக்குள்ள ஒண்ண சொருகி, அவன் கைல குடுத்துச்சு."

ஆண் பெண் என்று இரண்டு இரும்புத் துண்டுகளாம். ஒன்றில் வெட்டு, மற்றதில் அதே அளவு முனை. சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்களாம்; இடையில் ஒளிக்கோடு தெரிந்தால் வேலை தப்பு.

"ஹயாஷி ஜன்னலாண்ட போயி புடிச்சிப் பாத்தான். திருப்பிப் பாத்தான். கண்ணாடி போட்டுக்கினு பாத்தான். வெளிச்சமே வர்லமா. எவ்ளோ நாள் ஆச்சுன்னு கேட்டான். அண்ணன் நாலு வெரலக் காட்டிச்சு. நான் ஒரு நாள்ல முடிப்பேன். ஆனா என்னுதுல வெளிச்சம் வரும்."

கடைசி வாக்கியத்தை அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். அவனுக்கு அது சொல்ல எளிதாக இருந்திருக்காது.

செபாஸ்டியன் கை துடைத்துக்கொண்டு வந்து, "சோறு போடு ரோஸி" என்றான்.

10-8-1988, புதன்

செபாஸ்டியன்.

11-8-1988

இக்னேஷியஸ் பேசவில்லை. தேற்றலாம் என்று அருகில் சென்றேன். "நீயோ சின்னவன், அவனோ..." என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "காப்பி குடிக்கிறியா?" என்றேன். குடித்தான்.

29-9-1988, வியாழன்

மீனம்பாக்கம் சென்று வழியனுப்பினோம். பூசைக்குப் பிந்தி வருபவன் விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டான். பெட்டியைத் தூக்கியவன் இக்னேஷியஸ்.

20-11-1988, ஞாயிறு

வகுப்பு தொடர்கிறது. நான் இன்னும் போகிறேன். அடுத்த ஆண்டு மற்றொருவரை அனுப்புவார்களாம், இக்னேஷியஸுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். கோதண்டம் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. பட்டியலில் என் பெயரை அவரே எழுதிவிடுகிறார்.

இன்று செபாஸ்டியனுக்குக் கடிதம். குடும்பச் செய்திகளுக்குக் கீழே ஒரு வாக்கியம் சேர்த்தேன். இரண்டு பொருள்களை எதிரெதிர் நிறுத்தியதுதான்: ஹஹா வா ஷிரிமாசென் தெஷ்தா கா, முஸுகோ வா ஷித்தே இமாஷ்தா. கோதண்டத்திடம் காட்டி வினையைச் சரிபார்த்துக்கொண்டேன். அவர் படித்துவிட்டு, "கரெக்டா கீது டீச்சர்" என்றார்.

இம்முறை எதிரே பொருளையும் எழுதினேன். 'தாயோ அறிந்திருக்கவில்லை, மகனோ அறிந்திருந்தான்.'

தபாலில் போடும் முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை, அடித்துவிடலாமா என்று நினைத்தேன். பின்னதற்கு வழியில்லை.

12-1-1989, வியாழன்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் செபாஸ்டியன் கடிதம். வந்து சேர இருபது நாள் ஆகியிருக்கிறது, அவன் அனுப்பியதாயிற்றே.

பனி விழுகிறதாம். பட்டறையில் ஒருவரும் கத்துவதில்லையாம். ஒரு வேலைக்கு ஐந்து நாள் எடுத்தானாம்; ஆறு நாள் எடுத்திருக்கலாமே என்றாராம் ஹயாஷி. தம்பியின் நோட்டுக்கென்று புது வாக்கியங்கள் ஒரு பக்கம் தனியே எழுதி வைத்திருந்தான். இக்னேஷியஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

என் வாக்கியத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உறையின் உள்ளேயும் பார்த்தேன். நான் எழுதியனுப்பிய தாளை அல்ல, ஜூலையில் கொடுத்தேனே, அந்த மூன்று வாக்கியத் தாளை உள்ளே வைத்திருந்தான். சட்டைப்பையின் மடிப்பு அப்படியே இருந்தது. 'அண்ணனோ உயரம்' என்பதன் கீழே பென்சிலால் ஒரு கோடு, அருகில், "இங்கே இது உண்மை."

கடிதத்தின் கடைசி வரி தமிழில்: "இங்கே சோறு நல்லாத்தான் இருக்கிறது."

எது நன்றாயில்லை என்று எழுதவில்லை.

ரோஸியைக் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொயம்பு வெக்கிறேன் அத்தே" என்று உள்ளே போனாள். மணி பத்துதான் ஆகியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று நான் சொல்லவில்லை. புளியைக் கரைத்துக் கொடுத்தேன்.